ஏலத்துக்கு வந்த மெயின் ரோட்டு வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவுல இருக்கற ஒரு சின்ன டவுன்ல 2024, 2025ல நடந்தது இது. நான் வக்கீல் ஆபீஸ்ல பல வருஷம் குமாஸ்தாவா இருந்துட்டு இப்போ தனியா பத்திரம் பாத்து குடுக்கற ஆளு. இதுல சம்பந்தப்பட்ட யார் பேரும் போடல, பேங்க் பேரும் மடத்து பேரும் போடல. பணக் கணக்கு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு, ஏன்னா ஏலச் சொத்து வாங்கலாமான்னு கேட்டு வாரத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க, அவங்களுக்கு கணக்குதான் வேணும்.

பின்னணி

வீட்டுக்காரருக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு. பவர் டில்லர், டிராக்டர், ஆயில் இன்ஜின் இதுக்கெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கற கடை, அப்பா வழியில வந்த மூணு ஏக்கர் தென்னந்தோப்பு. 2016ல பழைய ஓட்டு வீட்ட இடிச்சுட்டு தார்ஸ் வீடு கட்டறதுக்கு 28 லட்சம் ஹோம் லோன் வாங்கினாரு, 15 வருஷம், மாச டியூ 29 ஆயிரத்து சொச்சம். அடுத்த வருஷமே அதே வீட்டு பத்திரத்து மேல கடைக்கு 15 லட்சம் சிசி லோனும் (கேஷ் கிரெடிட், லிமிட் வரைக்கும் எடுத்து எடுத்து கட்டற தொழில் லோன்) போட்டாரு. ஒரே பேங்க், ஒரே பத்திரம், ரெண்டு லோன். இந்த வரிய ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வீடு போனதுக்கு இதுதான் வழி.

2018 நவம்பர் 15 ராத்திரி தாண்டி 16 விடியறதுக்குள்ள கஜா புயல். தோப்புல நின்னது பதினஞ்சு இருபது மரம்தான்னு சொல்வாரு. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அத விளக்க வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், தென்னங்கன்னு வச்சா காய் பாக்க அஞ்சாறு வருஷம் ஆகும், நெட்டை ரகமா இருந்தா இன்னும் தள்ளிப்போகும். புயல் வரைக்கும் வீட்டு டியூவ தோப்புதான் கட்டிக்கிட்டு இருந்துச்சு, அன்னையிலேருந்து கடை கட்ட ஆரம்பிச்சது.

அப்புறம் 2020, கொரோனா. ரிசர்வ் பேங்க் மார்ச்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஆறு மாசம் டியூ தள்ளி வைக்கலாம்னு சொன்னதும் இவரும் தள்ளி வச்சாரு. டியூதான் தள்ளிப்போச்சு, வட்டி நிக்கல, அது அசலோட சேந்துடுச்சு. 2022 மேலேருந்து 2023 பிப்ரவரிக்குள்ள ரெப்போ வட்டி (ரிசர்வ் பேங்க் மத்த பேங்குகளுக்கு போடற வட்டி) 4 சதவீதத்துலேருந்து 6.5க்கு ஏறுச்சு, வட்டி ஏறி எறங்கற ஃப்ளோட்டிங் லோன்ங்கறதால டியூ தொகை அதே இருக்க தவணை எண்ணிக்கை நீண்டுக்கிட்டே போச்சு. டியூ மாறாததால அவருக்கு அது தெரியவே இல்ல. ஸ்டேட்மென்ட் எடுத்து நான் காட்டினப்போதான் "இன்னும் இவ்வளவு மாசமா"ன்னு கேட்டாரு.

கடன் எப்படி வாராக்கடன் ஆச்சு

ஸ்பேர் பார்ட்ஸ் கடை டெல்டாவுல எப்படி ஓடும்னா நாத்து விடறப்போ கடன் குடுக்கணும், அறுவடை ஆகி நெல்லு கொள்முதல் நிலையத்துல போட்டு பணம் ஏறினதும் வசூல் பண்ணணும். மேட்டூர் தண்ணிதான் இந்தக் கடையோட கேஷ் கவுன்ட்டர். 2023ல ஜூன் 12ம் தேதி வழக்கம்போல அணைய திறந்தாங்க, ஆனா கர்நாடகத்துலேருந்து தண்ணி சரியா வராம அக்டோபர்லயே மூடிட்டாங்க. கடைமடையில குறுவை காய்ஞ்சது, சம்பாவுக்கு மழைய நம்பி விதைச்சவங்க பாதிப்பேரு. அந்த வருஷம் இவருக்கு வெளிய நின்ன பாக்கி 9 லட்சத்துக்கு மேல, நோட்டுல எழுதி வச்சிருந்தாரு, பாத்தேன். வசூல் வந்தது ரெண்டு லட்சம் கூட இல்ல.

சிசி அக்கவுன்ட் லிமிட்ட தாண்டி நின்னுடுச்சு, வட்டி போடற அளவுக்கு கூட வரவு இல்ல. 90 நாளைக்கு மேல அப்படி கிடந்தா வாராக்கடன். இப்போ முக்கியமான விஷயம். ஹோம் லோன் டியூவ இவரு ஒரு மாசம் கூட விடல, நகைய வச்சு, மகளிர் குழுவுல வீட்டம்மா எடுத்த பணத்த போட்டு கட்டிக்கிட்டே இருந்தாரு. வீட்ட காப்பாத்தறோம்னு நெனப்பு. ஆனா ரிசர்வ் பேங்க் விதிப்படி வாராக்கடன்ங்கறது ஒரு லோனுக்கு மட்டும் கிடையாது, ஆளுக்கு. ஒரு அக்கவுன்ட் விழுந்தா அதே பேங்க்ல அந்த ஆளோட எல்லா அக்கவுன்ட்டும் விழுந்துடும். 2024 ஜனவரில ரெண்டும் சேந்து விழுந்துச்சு. அந்தக் கடைசி ஆறு மாசம் ஹோம் லோன்ல கட்டின ஒண்ணே முக்கால் லட்சத்த சிசில போட்டிருந்தா கொஞ்ச நாளாவது தள்ளியிருக்கலாம், இல்ல அப்போவே தோப்புல ஒரு ஏக்கர வித்திருக்கலாம். விவசாய நிலத்து மேல சர்ஃபேசி சட்டத்துல (கோர்ட்டுக்கு போகாமலே அடமானச் சொத்த பேங்க் எடுத்து விக்கற சட்டம்) பேங்க் கை வைக்க முடியாது, அதனால பேங்க் தோப்ப பாக்கவே இல்ல, வீட்டத்தான் பாத்துச்சு. இவரோ தோப்பு அப்பா சொத்துன்னு தொடாம வச்சிருந்தாரு.

ஜனங்க குடிச்சு அழிச்சாதான் வீடு ஏலத்துக்கு வரும்னு நெனைக்கறாங்க. நான் பாத்த வரைக்கும் டெல்டா கேஸ்கள்ல பாதி இந்த மாதிரிதான், தொழில் லோன் வந்து வீட்ட இழுத்துக்கிட்டு போறது. மீதில வெளிநாட்டு சம்பளத்த நம்பி வாங்கி வேலை போனது, பெரிய வைத்தியச் செலவு, அண்ணன் தம்பிக்கு ஜாமீன் கையெழுத்து.

நோட்டீஸ் காலம்

2024 பிப்ரவரில அந்த சர்ஃபேசி சட்டத்தோட 13(2) பிரிவுல நோட்டீஸ் வந்துச்சு, ரெண்டு லோனும் சேத்து 36 லட்சத்து 70 ஆயிரம், 60 நாள்ல கட்டணும்னு. ரிஜிஸ்தர் தபால வாங்காம திருப்பி அனுப்பிட்டாரு. வாங்கலன்னா செல்லாதுன்னு யாரோ கடையில உக்காந்து சொல்லியிருக்காங்க. செல்லும். அந்த 60 நாளைக்குள்ள எழுத்து மூலமா ஆட்சேபம் குடுத்தா பேங்க் 15 நாள்ல காரணத்தோட பதில் சொல்லியே ஆகணும், அந்த வாய்ப்பு அப்படியே போச்சு.

மே மாசம் கதவுல சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்ட பேங்க் எடுத்துக்கிச்சுன்னு நோட்டீஸ் ஒட்டினாங்க, ரெண்டு பேப்பர்லயும் விளம்பரம் போட்டாங்க. இது காகிதத்துல மட்டும் சுவாதீனம், ஆள வெளிய அனுப்பறதுக்கு 14ம் பிரிவுல கலெக்டர் கிட்ட மனு போடணும், அது தனியா நடந்துக்கிட்டு இருந்துச்சு. கடன் மீட்பு தீர்ப்பாயத்துக்கு போக 45 நாள் டைம், அதுக்கும் போகல. நோட்டீஸ் ஒட்டின அன்னைக்கு வீட்டம்மா அத கிழிச்சு அடுப்புல போட்டுட்டாங்களாம், தெருவே பாத்துச்சுன்னு. இத குத்தமா எழுதல, என்ன நடந்துச்சுன்னு எழுதறேன்.

செப்டம்பர்ல மொத ஏலம், குறைந்தபட்ச விலை 64 லட்சம். ஒருத்தரும் வரல. டிசம்பர்ல ரெண்டாவது ஏலம்னு விளம்பரம் வந்துச்சு, 58 லட்சம்.

சொத்த பாத்தப்போ

இங்கதான் நான் உள்ள வர்றேன். நவம்பர் கடைசில ஒரு தம்பி அந்த விளம்பரத்த மொபைல்ல புடிச்சு அனுப்பினாரு. சிங்கப்பூர்ல கட்டட சூப்பர்வைசரா இருந்துட்டு வந்தவரு, கையில 35 லட்சம், அக்கா வீட்டுக்காரர் கொஞ்சம் தர்றதா சொல்லியிருக்காரு. "அண்ணே, மெயின் ரோட்டு மேல, 80 லட்சம் போற வீடு, 58க்கு தர்றாங்க, விடக்கூடாது"ன்னாரு. தெருவுல விசாரிச்சா 75லேருந்து 80ன்னு நிஜமாவே சொன்னாங்க.

எனக்கு ஒரு பழக்கம், ஏல விளம்பரத்துல விலைய கடைசியாதான் படிப்பேன், மொதல்ல செக்குபந்தி, அதாவது சொத்தோட நாலு பக்கத்து எல்லை. அந்த விளம்பரத்துல 1,800 சதுர அடி மனை, நாலெல்லை குடுத்திருந்தாங்க. கிழக்கால மெயின் ரோடுன்னு இருக்கணும், வீட்டு வாசல் கிழக்க பாத்து ரோட்டு மேல இருக்கு. ஆனா விளம்பரத்துல கிழக்கே "மடத்து மனைக்கும் மேற்கு"ன்னு இருந்துச்சு. அப்போ சொத்துக்கும் ரோட்டுக்கும் நடுவுல மடத்து மனை ஒண்ணு இருக்கணும். எங்க இருக்கு? போய் பாத்தா போர்ட்டிகோ, மாடிப்படி, ஓரத்துல ஒரு பெட்டிக்கடை, அப்புறம் கேட், அப்புறம் ரோடு.

டேப் வச்சு அளந்தோம். அகலம் 30 அடி. ரோட்டு ஓரத்துலேருந்து பின் சுவர் வரைக்கும் 80 அடி. 2,400 சதுர அடி வருது. பத்திரத்துல இருக்கறது 1,800, அதாவது 60 அடி நீளம். முன்னாடி இருக்கற 20 அடி யாரோடது?

விஏஓ ஆபீஸ்ல அ-பதிவேடும் (எந்த நிலம் யார் பேர்லன்னு இருக்கற கணக்கு) புலப்படமும் (சர்வே வரைபடம்) பாத்தோம், சர்வேயர வச்சு சர்வே கல்ல தேடினோம். முன் 20 அடி வேற சர்வே உட்பிரிவு, மடத்து பேர்ல. ரிஜிஸ்தர் ஆபீஸ் கணக்குல அந்த சர்வே நம்பருக்கு ஜீரோ வேல்யூ போட்டிருந்தாங்க, அதாவது அத யாரும் யாருக்கும் எழுதி ரிஜிஸ்தர் பண்ண முடியாது. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கமெல்லாம் அடிமனைங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி, மனை கோயிலோடது இல்ல மடத்தோடது, மேல கட்டடம் நம்மளது, வருஷா வருஷம் பகுதி, அதாவது மனை வாடகை கட்டணும். இங்க வீட்டுக்காரரோட அப்பா அந்த 20 அடிக்கு பகுதி கட்டிக்கிட்டு இருந்திருக்காரு, ரசீது 2009 வரைக்கும் இருந்துச்சு. அவரு போனதும் யாரும் கட்டல. 2016ல புது வீடு கட்டினப்போ போர்ட்டிகோவையும் படியையும் அதுல எறக்கிட்டாங்க.

பேங்க் தப்பு பண்ணலையான்னு கேட்டா, காகிதத்துல பண்ணல. அடமானம் 1,800க்குதான், வில்லங்கத்துலயும் அதே, விளம்பரத்துலயும் அதே. மதிப்பீடு போட்ட இன்ஜினியர் மட்டும் வாசல்ல நின்னு போட்டோ எடுத்து "மெயின் ரோடு முகப்பு"ன்னு ரேட்டு போட்டிருக்காரு. ஏல நிபந்தனையில "உள்ளது உள்ளபடி, எங்க இருக்கோ அப்படியே"ன்னு ஒரு வரி இருக்குமே, அந்த வரிக்குள்ள இந்த 20 அடியும் போயிடும்.

கலந்துக்க வேண்டாம்னு முடிவு

தம்பிக்கு மனசே இல்ல. ஏற்கனவே 58 லட்சத்துக்கு பத்து சதவீதம், 5 லட்சத்து 80 ஆயிரம், ஏலத்துல கலந்துக்க கட்டற முன்வைப்பு தொகை ரெடி பண்ணிட்டாரு. அவருகிட்ட நான் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, மடத்துக்காரங்க நாளைக்கே வாசல் கேட்ட எடுன்னு சொன்னா இது மெயின் ரோட்டு வீடே கிடையாது, தெக்கால இருக்கற 12 அடி சந்துல வாசல் வைக்க வேண்டிய வீடு. சந்து வீட்டு ரேட்டுல, படிய மாத்திக் கட்டற செலவையும் கழிச்சா என் கணக்குல 52க்கு மேல போடக்கூடாது. ரெண்டு, வீட்டுல ஆள் குடியிருக்காங்க, சாவி எப்போ வரும்னு பேங்க் மேனேஜருக்கே தெரியல. மூணாவதுதான் பெருசு, பணம். ஏலத்துல ஜெயிச்சா அன்னைக்கே இல்ல அடுத்த வேலை நாளுக்குள்ள 25 சதவீதம் கட்டணும், மீதி 75 பதினஞ்சு நாள்ல, பேங்க் ஒத்துக்கிட்டா மொத்தமா மூணு மாசம் வரைக்கும் நீட்டலாம். தம்பி கைல இருக்கறது போக மீதிக்கு லோன்தான் போடணும், லோன் போட எந்த பேங்க்குக்கு போனாலும் அந்த பேங்க் வக்கீலும் இதே செக்குபந்திய படிப்பாரு.

கடைசில அவரு கேட்டது, "அண்ணே, அப்போ யாரும் எடுக்க மாட்டாங்களே, மூணாவது ஏலத்துல இன்னும் எறங்குமா?" எறங்கலாம்னேன். காத்திருக்கறதுன்னு முடிவு பண்ணோம்.

ரெண்டாவது ஏலம்

எறங்கல, ஏன்னா ஒருத்தர் எடுத்துட்டாரு. திருச்சிக்காரர், பாதி விலைக்கு ஏல வீடுன்னு நடத்தற ஏதோ ஒருநாள் வகுப்புக்கு போயிட்டு வந்தவருன்னு அப்புறம் தெரிஞ்சுது. ஒரே ஆள், 58 லட்சத்து 25 ஆயிரம். வீட்ட வந்து பாத்தாரு, ஆனா ரோட்டுலேருந்தே பாத்துட்டு போயிட்டாருன்னு பெட்டிக்கடைக்காரர் சொன்னாரு. 25 சதவீதம், 14 லட்சத்து 56 ஆயிரம் கட்டிட்டாரு.

மீதி 43 லட்சத்து சொச்சத்துக்கு அவரு லோன் கேட்ட பேங்க், நான் சொன்ன மாதிரியே, வக்கீல் ஒப்பீனியன்ல நின்னுடுச்சு. கட்டடம் மடத்து மனைல ஏறி நிக்குது, அப்ரூவ்டு பிளான் அளவும் ஒத்து வரலன்னு. இன்னொரு பேங்க், அங்கயும் அதே. டைம் நீட்டி வாங்கினாரு, 2025 மார்ச்ல மூணு மாசம் முடிஞ்சுது, கட்ட முடியல. 14.56 லட்சமும் பறிமுதல். பேங்குக்கு நஷ்டமே இல்லையே, கொஞ்சமாவது திருப்பிக் குடுங்கன்னு கேட்டுப் பாத்தாரு. 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் இந்த மாதிரி ஒரு கேஸ்லயே 25 சதவீதத்த முழுசா எடுத்துக்கறது செல்லும்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் இதுல பேச இடம் ரொம்ப கம்மி. வீட்டுக்காரரு "அந்தப் பணத்த என் கடன்ல கழிப்பாங்களா தம்பி"ன்னு என்கிட்ட கேட்டாரு, பேங்க்ல போய் கேட்டதுக்கு முடியாதுன்னாங்க, அதுக்கு மேல சண்டை போட அவருக்கு தெம்பில்ல.

ஏலத்துக்கு வெளிய வாங்கினது

மார்ச் கடைசில வீட்டுக்காரரே நேரா வந்தாரு. 14ம் பிரிவு ஆர்டர் வரப்போகுது, போலீஸோட வந்து எறக்குவாங்க, அதுக்குள்ள கௌரவமா போயிடணும், யாராவது இருக்காங்களான்னு. அவரும் தம்பியும் அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசினதில்ல. என் வீட்டு திண்ணையில ரெண்டு பேரையும் உக்கார வச்சேன். மொதல்ல ரெண்டு பேரும் மேட்டூர் தண்ணியப் பத்தியே அரை மணி நேரம் பேசினாங்க.

ஏலத்துக்கு வந்த சொத்த ஏலத்துலதான் வாங்கணும்னு கட்டாயமில்ல. பேங்குக்கு வேண்டியது பணம். ஒருத்தர் வாங்க வர்றாரு, பணத்த நேரா லோன் அக்கவுன்ட்ல கட்றாரு, பத்திரத்த குடுங்கன்னு ஓடிஎஸ் (பாக்கிய கொஞ்சம் குறைச்சு ஒரே தடவையா கட்டி முடிக்கறது) பேசலாம். ஒண்ணு மட்டும், சர்ஃபேசி சட்டத்துல 2016ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் முழுக் கடனையும் கட்டி சொத்த மீக்கற உரிமை ஏல அறிவிப்பு வெளியாகற வரைக்கும்தான், அதனால இந்த நேரத்துல உரிமைன்னு கேட்க முடியாது, பேங்க் மனசு வச்சா உண்டு. இந்த பேங்க் ரெண்டு ஏலம் போட்டு களைச்சுப் போயிருந்துச்சு, அது நமக்கு சாதகம்.

ஏப்ரல்ல மொத்த பாக்கி 41 லட்சத்து 80 ஆயிரம் ஆயிருந்துச்சு. ரீஜனல் ஆபீஸ் வரைக்கும் போய், நாலு நடை நடந்து, 39.5 லட்சத்துக்கு முடிஞ்சுது. எழுத்துல வாங்கின பிறகுதான் ஒரு ரூபா கட்டினோம், இதுல நான் பிடிவாதம். வீட்டு விலை 51 லட்சம்னு பேசி முடிச்சோம். 39.5 பேங்குக்கு, 50 லட்சத்த தாண்டறதால ஒரு சதவீதம் டிடிஎஸ் 51 ஆயிரம் பிடிச்சு அரசாங்கத்துக்கு, மீதி 10 லட்சத்து 99 ஆயிரம் வீட்டுக்காரருக்கு. தம்பிக்கு குறைஞ்சத அக்கா வீட்டுக்காரர் குடுத்தாரு, லோன் போடல, போட்டாலும் கெடச்சிருக்காது.

அந்த 11 லட்சத்துல 7 லட்சம் ரிஜிஸ்தர் அன்னைக்கு, 4 லட்சம் காலி வீட்டு சாவி கைக்கு வந்த அன்னைக்குன்னு அக்ரிமென்ட்ல எழுதினேன். வீட்டுக்காரருக்கு இது வருத்தம்தான், என்ன நம்பலையா தம்பின்னு கேட்டாரு. நம்பறேன்ணே, காகிதத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னேன்.

ஜூன்ல ஒரே நாள்ல மொதல்ல பேங்க் அடமானத்த விடுவிச்ச ரசீது ஆவணம், அடுத்த நம்பர்ல கிரையப் பத்திரம். 1,800 சதுர அடிக்கு மட்டும். முன்னாடி 20 அடியப் பத்தி பத்திரத்துல ஒரு வார்த்தை கூட எழுதல, அதுல இருந்த கட்டடத்துக்கும் விலை போடல. எழுதியிருந்தா ரிஜிஸ்தர் ஆபீஸ்லயே திருப்பியிருப்பாங்க.

அதுக்கு அப்புறம்

மடத்து ஆபீஸ்க்கு போனோம். பழைய பகுதி பாக்கி எவ்வளவு, பேர் மாத்தி தருவீங்களான்னு கேட்டதுக்கு கணக்குப்பிள்ளை அய்யா ரொம்ப மரியாதையா பேசினாரு, ஆனா பேர் மாத்தறது அறநிலையத்துறை வரைக்கும் போகணும், எத்தன மாசம்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு. தம்பி அங்கயே முடிவு பண்ணிட்டாரு. கட்டட சூப்பர்வைசர் வேலை பாத்தவருங்கறதால படிய உள்ள மாத்தறது அவருக்கு பெரிய விஷயமா தெரியல. போர்ட்டிகோவ இடிச்சு, தெக்குச் சந்துல கேட் வச்சு, மூணே முக்கா லட்சத்துக்கு மேல கொஞ்சம் ஆச்சு, 3.8. முன்னாடி 20 அடிய வேலி போட்டு மடத்துக்கு எழுத்துல ஒப்படைச்சாரு. பெட்டிக்கடைக்காரர் இப்போ நேரா மடத்துக்கு வாடகை குடுக்கறாரு.

இப்போ மொத்த கணக்கு. விலை 51. முத்திரை, ரிஜிஸ்தர் எல்லாம் சேத்து 9 சதவீதம், 4.59. இடிச்சுக் கட்டினது 3.8. பழைய வீட்டு வரி, இபி பாக்கி, சர்வே, என் ஃபீஸ் உட்பட சில்லறை 65 ஆயிரம். ஆக 60 லட்சம். இன்னைக்கு வித்தா 62லேருந்து 64 போகும், சந்து வீடு. வாடகை 13,500 வருது, வருஷத்துக்கு 1 லட்சத்து 62 ஆயிரம், போட்ட பணத்துக்கு மூணு சதவீதம் கூட இல்ல. 80 லட்சம் வீட்ட 58க்கு எடுக்கறோம்னு ஆரம்பிச்ச கதை இது. தம்பி இதுல குடியிருக்கல, கல்யாணத்துக்கு அப்புறம் வருவேன்னு சொல்றாரு, அப்படிப் பாத்தா அவருக்கு நஷ்டமில்ல. லாபம்னு சொல்லவும் எனக்கு வாய் வரல.

வீட்டுக்காரரு மெயின் ரோட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு போனாரு. கடை இருக்கு, சின்னதா. நகைய மீட்டாரு, குழுக் கடன அடைச்சாரு. கஜாவுக்கு அப்புறம் வச்ச கன்னு இப்போ காய்க்க ஆரம்பிச்சிருக்கு.

மறுபடி இப்படி ஒரு கேஸ் வந்தா

எத மாத்துவேன்னு யோசிச்சா, மொதல்ல உறுத்தறது திருச்சிக்காரர். 20 அடி விஷயம் எனக்கு ஏலத்துக்கு பத்து நாள் முன்னாடியே தெரியும். என் ஆளு மூணாவது ஏலத்துக்கு காத்திருக்காரு, நான் ஏன் வெளிய சொல்லணும்னு இருந்துட்டேன். பேங்க் அதிகாரிகிட்ட ஒரு லெட்டர் குடுத்திருந்தா விளம்பரத்துல ஒரு வரி சேத்திருப்பாங்க, இல்லாமலும் போயிருக்கலாம், ஆனா நான் குடுக்கல. தொழில் முறையில நான் அவருக்கு ஒண்ணும் கடமைப்பட்டவன் இல்லதான். இன்னொரு பக்கம், அவரு முழுப் பணத்தையும் கட்டியிருந்தா கடன் போக மிச்சம் பதினேழு லட்சம் கிட்ட வீட்டுக்காரருக்கு வந்திருக்கும், ஏலத்துல கடனுக்கு மேல வர்ற மிச்சம் சட்டப்படி கடன் வாங்கினவருக்குத்தான் சேரணும், இது பாதிப்பேருக்கு தெரியாது. அப்போ நான் வாய மூடினது யாருக்கு நல்லது யாருக்கு கெட்டதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு கணக்கு நேராகல.

அடுத்தது, மடத்து ஆபீஸ்க்கு வாங்கறதுக்கு முன்னாடியே போயிருக்கணும். சந்துல வாசல் வைக்க எடம் இருந்ததால தப்பிச்சோம். அந்த சந்து இல்லன்னா தம்பி வாங்கினது நாலு பக்கமும் அடைச்ச வீடா ஆயிருக்கும். இப்போல்லாம் டெல்டால எந்த ஏலச் சொத்துன்னாலும் செக்குபந்தில மடம், கோயில், தேவஸ்தானம், கட்டளைன்னு ஒரு வார்த்தை இருந்தா டேப் எடுத்துக்கிட்டு போன பிறகுதான் பேச்சே.

வீட்டுக்காரரு தரப்புல, 13(2) நோட்டீஸ் வந்த அன்னைக்கே ஒருத்தர்கிட்ட காட்டியிருந்தா ஏல அறிவிப்புக்கு முன்னாடி ஆறு மாசம் கிட்ட கைல இருந்துச்சு. அப்போ கடன் 36.7, வீட்ட அவசரமில்லாம வித்திருக்கலாம், இல்ல தோப்புல ஒரு பகுதிய குடுத்து சிசிய மட்டும் நேர் பண்ணி ரெண்டு அக்கவுன்ட்டையும் காப்பாத்தியிருக்கலாம். கடை லோனுக்கு வீட்டு பத்திரத்த வைக்காம இருந்திருந்தா இந்த ஆய்வே எழுத வேண்டியிருக்காது. ஆனா சின்ன ஊர்ல ஒரு பார்ட்ஸ் கடைக்காரர் வேற எத வச்சு 15 லட்சம் வாங்குவாரு?

போன மாசம் அவரு ஒரு மஞ்சப் பையோட வந்தாரு, பேங்க்லேருந்து நோ டியூ சர்டிபிகேட் வாங்கிட்டேன், சிபில்ல (கடன் வரலாறு கணக்கு) எப்போ சரியாகும்னு கேட்டாரு. ஓடிஎஸ்ல முடிச்சதால "செட்டில்டு"ன்னுதான் காட்டும், உடனே மாறாதுன்னு சொன்னேன். சரின்னுட்டு பையிலேருந்து நாலு தேங்கா எடுத்து திண்ணையில வச்சுட்டு போனாரு.